சின்ன வார்த்தைகளை மட்டும் படித்தவர்

என் அப்பா செல்லப்பனுக்குப் பிரெஞ்சு மொழியில் இருபத்திரண்டு சொற்கள் தெரியும். தண்ணீர், சோறு, வீடு, மனிதன் ஆகியவற்றுக்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. மேலே, கீழே, உள்ளே, நடுவில், முன்பு, பிறகு, வரைக்கும், இல்லாமல், எதிராக என்ற வகைச் சொற்கள் மட்டும் தெரியும். இலக்கணத்தில் அவற்றை முன்னிடைச்சொற்கள் என்பார்கள். அப்பா ‘சின்ன வார்த்தை’ என்பார்.

போன தை மாதம் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இறந்தார். வயது ஐம்பது. மாரடைப்பு. துக்கம் கேட்க வந்தவர்களில் நான்கைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையை எழுப்பியவர்களில் ஒருத்தர், அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் அங்கேயே நிலைத்துவிட்டார்கள், இவர் ஏன் பர்மனென்ட் ஆகவில்லை? அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதில் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

அப்பா கலாசி. கிரேன் போக முடியாத இடத்தில் கயிறு, கப்பி, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் இவற்றை வைத்துப் பெரிய பாரங்களைத் தூக்கி நிறுத்துகிறவர்களுக்குக் கலாசி என்று பெயர். அதற்கு முன் அவரும் அவருடைய அப்பாவும் மற்றவர்களுடைய கரிசல் காட்டில் ஏர் ஓட்டினார்கள். எங்களுக்கென்று நிலம் இருந்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனார். பிறகு சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனார். அங்கே பாறை தூக்கும் கும்பலில் சேர்ந்தார். முப்பத்தெட்டு வயதில் ஒரு கும்பலுக்கு மேஸ்திரி ஆனார்.

1977இல் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு புது சிமெண்ட் ஆலை எழும்பியது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் சூளை பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்தது. சூளை என்றால் படுக்க வைத்த இரும்புக் குழாய். உள்ளே ஒரு லாரி போகலாம். நீளம் ஒரு சின்னத் தெரு அளவு. துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் தூக்கி உருளைகளின் மேல் உட்காரவைத்து அடுத்ததோடு சேர்க்க வேண்டும். மேற்பார்வைக்கு அந்த நாட்டிலிருந்தே ஒருவர் வந்தார். பெயர் கெரெக். சைட்டில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ‘கெரகம்’ என்றார்கள்.

கெரெக்குக்கு ஆங்கிலம் அரைகுறை. வரைபடங்கள் பிரெஞ்சில் இருந்தன. ஆங்கில வரைபடம் கப்பலில் வருகிறது என்றார்கள், ஒரு வருஷம் வந்துகொண்டே இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒன்பதாம் நாள் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்விட்டார்.

அப்போது அப்பா ஒன்றைக் கவனித்தார். வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. அதே எண் பாகத்தின் மீதும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது. பதினாலு என்றால் எந்த மொழியிலும் பதினாலு. ஆகவே பொருள்களின் பெயர் தேவையில்லை. பதினாலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. அது மேலேயா, கீழேயா, நடுவிலா, முன்பா, பிறகா என்று தெரிந்தால் போதும். வேலை முடிந்தது.

அவர் தீப்பெட்டியையும் பீடியையும் எடுத்துக்கொண்டு கெரெக்கிடம் போனார். பீடியைத் தீப்பெட்டியின் மேல் வைத்துப் புருவத்தை உயர்த்தினார். “சுர்” என்றார் கெரெக். அடியில் வைத்தார். “சூ” என்றார்.

வின்ச் ஓட்டுகிற அரியமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். எங்களுக்கு உறவு, அப்பாவை மாமா என்பார்.

“என்ன மாமா, நாய வெரட்டுறாரா?”

“கீழங்கிறாருடா. சும்மா நில்லு.”

ஒரு வாரத்தில் இருபது சொற்கள். கெரெக் ஒவ்வொன்றையும் பெட்டிப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். வரைபட ஆபீஸ்காரர்கள் எதையும் பெரிய எழுத்தில்தான் எழுதுவார்கள். அப்பாவுக்கு அவை எழுத்துகளாகத் தெரியவில்லை. மாட்டுக்குப் போட்ட சூடு மாதிரி, ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு சொற்கள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்று ‘து’, மற்றது ‘ஆ’. எல்லா வரியிலும் வரும்.

“இந்த ரெண்டும் எல்லா எடத்துலயும் நிக்குது, ஒரு வேலையும் செய்யல. நம்ம சூப்பர்வைசர் மாதிரி” என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்வார். தமிழில் பொருளை முதலில் சொல்கிறோம், இடத்தைப் பிறகு சொல்கிறோம். பலகை மேல, தூணுக்குப் பின்னால. அவர்களோ இடத்தை முதலில் சொல்லிவிடுகிறார்கள், எதன் மேல் என்பது அப்புறம்தான். கலாசி வேலைக்கு அதுதான் சரி என்பது அவர் கட்சி. “கீழன்னு காதுல வுழுந்ததுமே காலு நகந்துடும் பாரு. எதுக்குக் கீழன்னு நின்னு கேக்க மாட்டான்.”

நான் இப்போது வரைபடம் போடும் வரைவாளராக வேலை பார்க்கிறேன். அப்பா செய்தது சரியான முறை என்று என் தொழிலை வைத்துச் சொல்ல முடியும். ஒரு இணைப்பு வரைபடத்தில் பிழை நடப்பது பெரும்பாலும் பொருளில் அல்ல, இடத்திலும் வரிசையிலும்தான்.

1978 நவம்பர் பதினாலு. நான்கு நாள் மழை விட்டிருந்தது. சூளையின் ஐந்தாவது துண்டைத் தூக்க வேண்டும். தூக்கும் கம்பத்தை நாலா பக்கமும் இரும்புக் கம்பி வடத்தால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வடத்தின் முனையும் குழியில் புதைத்த தண்டவாளத் துண்டோடு பிணைத்திருந்தது. அதை நங்கூரம் என்பார்கள். கிழக்கு நங்கூரம் இருந்தது கரிசல் மண்ணில்.

மழைக்குப் பிறகு கரிசல் மேலே காய்ந்தது போல இருக்கும். அடியில் களி. சின்ன வயதில் அந்த மண்ணில் ஏர் ஓட்டியவருக்கு அது தெரியும். காலையிலேயே சொன்னார். இன்ஜினீயர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, தாங்கும் என்றார்கள். கணக்கு காய்ந்த மண்ணுக்கானது.

சைட்டில் ஒரு விதி உண்டு. வின்ச் ஓட்டுகிறவர் ஒரே ஒருவருடைய கையைத்தான் பார்ப்பார். மேலதிகாரி கத்தினாலும் அந்தக் கை அசையாமல் வின்ச் அசையாது. அன்று அரியமுத்துவுக்கு அந்தக் கை என் அப்பாவுடையது. கெரெக் அப்பாவுக்குச் சைகை காட்டுவார், அப்பா அரியமுத்துவுக்குக் காட்டுவார்.

துண்டு தரையை விட்டு எழும்பியது. இரண்டு ஆள் உயரம் போனதும் கிழக்கு நங்கூரத்துக்கு முன்னால் மண்ணில் ஒரு கோடு விழுந்ததை அப்பா பார்த்தார். கெரெக் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. அவர் மேலே, மேலே என்று கையை ஆட்டினார். அப்பா இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டார். நிறுத்து என்று அர்த்தம். அரியமுத்து பிரேக்கைப் போட்டார்.

கெரெக் கத்தினார். அப்பா திரும்பிக் கத்தினார். “சூ! சூ!” பாரத்துக்குக் கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒன்றரை வருஷமாக வரைபடப் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள். ஓடினார்கள்.

கெரெக் அடிக்க வருவது போல ஓடி வந்தாராம். அப்பா அவர் தோளைப் பிடித்துக் கோட்டைக் காட்டினார். அதற்குள் அது உள்ளங்கை நுழையும் வெடிப்பாகியிருந்தது. துண்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். கெரெக் வெடிப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தாராம், வெகுநேரம்.

1979 பிப்ரவரியில் சூளை வேலை முடிந்தது. கான்ட்ராக்ட் ஆள்களில் நான்கு பேரை ஆலை பர்மனென்டாக எடுப்பதாக அறிவித்தது. பதினோரு பேர் மனுப் போட்டார்கள். பர்மனென்ட் என்றால் மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ். முக்கியமாக, வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். கலாசிக் கும்பல் ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த மாநிலத்துக்குப் போகும். அம்மா இருசம்மாள் பதின்மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்பாவோடு முழுசாக இருந்தது அந்த ஆலை எழும்பிய இரண்டு வருஷங்கள்தான். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனுவை அரியமுத்து நிரப்பினார். அவர் நிஜமாகவே எட்டு படித்தவர்.

“எட்டுன்னு போட்டுட்டேன் மாமா. கையெழுத்தப் போடு.”

“மூணுதானடா.”

“மூணப் போட்டா குப்பைக்குப் போவும். எவன் வந்து பள்ளிக்கூடத்துல கேக்கப் போறான்?”

அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஆள் எடுக்கும் அதிகாரி பாலசுந்தரம் நல்ல மாதிரி. அப்பாவைக் கூப்பிட்டு, “நவம்பர்ல வேலைய நிறுத்தினது நீதானாமே? அதை அந்த பிரெஞ்சுக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. தமிழ்ல மாத்தி, மாத்தினவங்க கையெழுத்தோட குடு. மெட்ராஸ் ஆபீஸ்ல அதுக்கு மதிப்பு ஜாஸ்தி” என்றார். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

கெரெக் ஊருக்குக் கிளம்புகிற அன்று கடிதத்தைக் கொடுத்தார். ஒரு முழுத்தாள். வரைபடப் பேனாவால், எல்லாம் பெரிய எழுத்தில். டைப் அடித்திருக்கலாம். அப்பாவுக்குப் பெரிய எழுத்துதான் தெரியும் என்பதற்காக அப்படி எழுதியிருந்தார்.

அதனால் வந்தது வினை. அப்பா அதைப் படிக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் தரையில் தாளை விரித்து, தெரிந்த சொற்களை எல்லாம் பென்சிலால் சுழித்தார். மற்றவை அவருக்கு வெற்று இடம். வரைபடத்தில் அந்த வெற்று இடங்களில் எண்கள் இருக்கும். கடிதத்தில் எண்கள் இல்லை. ஆக, அவரிடம் இருந்தது இவ்வளவுதான்: பிறகு, மேல், இல்லாமல், எதிராக, இல்லாமல், கீழே, இல்லாமல், கொண்டு.

“மூணு ‘சான்’ இருக்கு” என்றார் அம்மாவிடம். “இல்லாமன்னு மூணு தடவ எழுதியிருக்காரு. ஒரு ‘கோந்த்ர்’ இருக்கு. எதுக்கோ எதிரா.”

“நல்லதாத்தான் எழுதியிருப்பாரு.”

“நல்லதுல எதுக்குடி மூணு இல்லாம? ‘ஒழுக்கம் இல்லாம, மரியாத இல்லாம, என் பேச்சுக்கு எதிரா’ன்னு எழுதியிருந்தா? அன்னைக்கு நான் அவர் தோளப் புடிச்சேன்.”

“நீதான் படிச்ச தொரையாச்சே. மிச்சத்தையும் படி.”

அவர் சிரிக்கவில்லை. ஆறு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கொடுத்தால் கெடுதல் வருமா, கொடுக்காவிட்டால் கெடுதல் வருமா என்று தெரியவில்லை. பதினோரு பேரில் நான்கு பேர். கடிதம் இல்லாமல் அவர் பெயர் நடுவில் எங்கோ இருக்கும்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வரதராஜன்பேட்டைக்குப் பஸ் ஏறினார். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிந்தாமணி டீச்சர் அங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் நன்றாகப் படிப்பேன். டீச்சர் எழுதித் தருவதை அவருக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும், அதற்காகக் கூட்டிப் போனார்.

டீச்சர் வீடு கோயிலுக்குப் பின் சந்தில். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் கறுப்பு.

“லெட்டரத் தொட மாட்டேன். தோல்பால் பட்டா தாளும் போயிடும், உன் கையும் பொத்துப்போயிடும். தூக்கிப் புடி.”

அப்பா அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“டீச்சரம்மா, முழுசாப் படிக்க வேணாம். நான் சுழிச்சிருக்கேன் பாருங்க. இந்த மூணு ‘சான்’க்கும் அடுத்தாப்ல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இந்தக் ‘கோந்த்ர்’க்கு அடுத்தது என்ன?”

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “ஏம்ப்பா, உனக்கு பிரெஞ்சு தெரியுமா?”

“சின்ன வார்த்த மட்டுங்க.”

“சின்ன வார்த்தைக்குத்தாம்ப்பா என் பிள்ளைங்கள அடிச்சு அடிச்சு எனக்குக் கை வலி வந்துச்சு. பெரிய வார்த்தையெல்லாம் தானா வந்துடும். இதான் வராது.” மறுபடி தாளைப் பார்த்தார். “மொதல் ‘சான்’, உத்தரவு. என் உத்தரவு இல்லாம. ‘கோந்த்ர்’, என் சைகைக்கு எதிரா.”

அப்பா தாளைத் தன் பக்கம் திருப்பி அந்தச் சொல்லைப் பார்த்தார்.

“ஆட்டாதப்பா. ரெண்டாவது ‘சான்’, நீ. நீ இல்லாட்டி. நீ இல்லாட்டி நாலு பேரு செத்திருப்பாங்கன்னு போட்டிருக்கு. அழறியா? அழாத. இன்னும் ஒண்ணு இருக்கு.”

மூன்றாவதை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“பள்ளிப் படிப்பு இல்லாம. ‘பள்ளிப் படிப்பு இல்லாத இந்த மனிதர், சின்ன வார்த்தைகளை மட்டும் கொண்டு என் வரைபடங்களைப் படித்தார். அவர் படித்ததில் பிழை வந்ததில்லை.’ நல்லாத்தான் எழுதியிருக்காரு.”

அப்பா தாளை இறக்கிவிட்டார்.

“என்னப்பா?”

மனுவில் எட்டு என்று போட்டிருப்பதை அப்பா சொன்னார். டீச்சர் கொட்டை உடைக்கும் கட்டையைக் கீழே வைத்தார்.

“அப்ப இது ஒன்ன மாட்டி விட்டுடும்.”

“அந்த ஒரு வரிய வுட்டுட்டு எழுதலாங்களா?”

“இல்லாதத எழுதச் சொன்னா மாட்டேன். இருக்கறதுல ஒண்ண எழுதாம விட்டா, அது சாமிக்கும் எனக்கும் உள்ளது. எழுதறேன். ஒரிஜினல அந்த ஆபீஸ்ல எவன் படிக்கப் போறான்?”

கையை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பிலும் கழுவிக்கொண்டு வந்து எழுதினார். அப்பா கடிதத்தில் தனக்குத் தெரியாத இன்னொரு சின்ன வார்த்தையைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

“இதுவா? ‘ஷே’. ஒருத்தர் வீட்டுல, ஒருத்தர் ஊர்லன்னு அர்த்தம். ‘எங்கள் ஊரில் இப்படிப்பட்டவரை உடனே வேலைக்கு எடுப்போம்’னு போட்டிருக்காரு.”

“வரைபடத்துல இது வராதுங்க” என்றார் அப்பா.

ஜெயங்கொண்டத்தில் இறங்கி அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பஸ் வந்து நின்று டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்பா கடலை வாங்கிக் கொடுத்தார். டீச்சர் எழுதியதைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். மழைக்குப் பிறகு பாரம் மேலே இருக்கும்போது நங்கூரம் நகர்ந்தது. செல்லப்பன் என் உத்தரவு இல்லாமல், என் சைகைக்கு எதிராக, வேலையை நிறுத்தினார். அவர் இல்லாவிட்டால் கீழே நின்ற நான்கு பேர் இன்று இல்லை. நம்பிக்கையான ஆள். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவரை உடனே வேலைக்கு எடுப்போம்.

“இன்னொருவாட்டி.”

படித்தேன்.

“செல்லப்பங்கிற எடத்துல அரியமுத்துன்னு போட்டா பொருந்துமா பாப்பா?”

யோசித்தேன். பிரேக் போட்டது அரியமுத்து மாமாதானே. “பொருந்தும்ப்பா” என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். டிரைவர் வந்து ஏறினார். கண்டக்டர் “அரியலூர், அரியலூர், ஏறுங்க” என்று தட்டினார். எங்கள் இடம் ஜன்னலோரம், துண்டு போட்டு வைத்திருந்தோம். அப்பா துண்டை எடுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. எதிர்ப் பக்கம் போய் மறுபடி வரதராஜன்பேட்டை பஸ்ஸில் ஏறினோம்.

டீச்சர் மறுபடி கொட்டையும் கட்டையுமாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன மறந்து வச்சிட்டுப் போன?”

“அந்த வரியயும் போட்டுடுங்க டீச்சரம்மா.”

“இப்பதான கைய கழுவினேன்! பைத்தியமாப்பா நீ? வேல வேணாமா?”

“வேணுங்க.”

“அப்புறம்?”

“மத்ததெல்லாம் கயித்தப் பத்தி இருக்குங்க. அது ஒண்ணுதான் என்னப் பத்தி இருக்கு.”

டீச்சர் எழுந்து போய் மறுபடி கை கழுவினார். இந்த முறை வேறு தாளில், முதலில் எழுதியதைவிட அழகான கையெழுத்தில் எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டில் அன்று நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. அரியமுத்து மாமா வந்து காலில் விழாத குறை.

“மாமா, ஒனக்கு என்னா கொறச்சல்? ஒரு வரி. ஒரே ஒரு வரி. அத வுட்டா ஒலகம் அழிஞ்சிடுமா?”

“எழுதிட்டாங்கடா.”

“நான் வேற எழுதித் தரேன்.”

அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “யாருகிட்டய்யா நீ காட்டணும்? நாங்க பாக்கலியா? கெரகம் பாக்கலியா? அந்த ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காந்திருக்கிறவன் பாக்கணுமா?”

“ஆமா” என்றார் அப்பா.

இருபத்தேழாம் தேதி பாலசுந்தரம் கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். இதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எதையும் கூட்டிச் சொல்லமாட்டார்.

“ஃபாரத்துல எட்டுன்னு இருக்கு. இதுல படிப்பு இல்லன்னு இருக்கு. எது பொய்?”

“ஃபாரம் பொய்ங்க சார். லெட்டர் நெசம்.”

“எதுக்குய்யா இத எழுதி வாங்கிட்டு வந்த? வேலைய நிறுத்தினதுக்குத்தான நான் சர்டிபிகேட் கேட்டேன்?”

“நான் வரைபடம் படிப்பேங்க சார். வேணும்னா இப்ப ஒண்ணக் குடுத்துப் பாருங்க.”

பாலசுந்தரம் உண்மையிலேயே ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாராம். ஒரு இன்ஜினீயரையும் கூப்பிட்டாராம். அப்பா மேசை மேல் அதை விரித்து, எந்த எண் எதற்கு மேலே, எது எதற்கு முன்பு என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். இன்ஜினீயர் ஓரிடத்தில், “இல்ல, அது வெளியில” என்றார். அப்பா, “உள்ளங்க சார். ‘தான்’னு போட்டிருக்கு பாருங்க, பிரெஞ்சுல உள்ளன்னு அர்த்தம்” என்றார். இன்ஜினீயர் குனிந்து பார்த்தார். உள்ளேதான்.

“எனக்குப் புரியுது செல்லப்பன்” என்றார் பாலசுந்தரம். “ஃபைலுக்குப் புரியாது.”

மார்ச் ஒன்பதாம் தேதி பெயர்களை ஒட்டினார்கள். அரியமுத்து பெயர் இருந்தது. அப்பா பெயர் இல்லை. தப்பான தகவல் கொடுத்ததற்கு நடவடிக்கை எதுவும் எடுக்காமல் பாலசுந்தரம் பார்த்துக்கொண்டார். அவரால் முடிந்தது அதுதான்.

அந்த மாதக் கடைசியில் அப்பா கும்பலோடு ஒரிசா போனார். பிறகு தூத்துக்குடி, பிறகு மத்தியப் பிரதேசம், மறுபடி ஒரிசா. ஒன்பது வருஷம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் எங்களோடு இருந்தது சுமார் முந்நூறு நாள். அம்மா 1982இல் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்துப் பெரம்பலூருக்கு வந்தாள். நான் பாலிடெக்னிக் படித்தேன். அரியமுத்து மாமாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வாசலில் மல்லிகைப் பந்தல் போட்டிருக்கிறார். அந்த வழியாகப் போக அம்மா இப்போதும் சம்மதிப்பதில்லை.

இந்த விலை பெரியது. கொடுத்தது அவர் மட்டும் அல்ல. அவர் செய்தது சரி என்று எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. அம்மாவின் முந்நூறு நாளை எதிரில் வைத்துப் பார்த்தால் என்னால் அப்படி எழுத முடியவில்லை. தவறு என்றும் எழுத முடியவில்லை. அந்த வரியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது உண்மை. அவரைப் பற்றி யாராவது எழுதிய ஒரே உண்மை.

நெஞ்சு வலி வந்து, போன வருஷம் கார்த்திகையில் ஊருக்கே திரும்பிவிட்டார். சும்மா இருக்கத் தெரியாது. நான் ஆபீஸிலிருந்து எடுத்து வரும் பழைய அச்சுத் தாள்களைப் புரட்டுவார். ஆங்கிலத்தில் ‘ஆன்’, ‘இன்’, ‘அண்டர்’ எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டுச் சுழிப்பார். அம்மா சத்துணவுக்குப் போயிருந்த ஒரு மதியம் நான் கேட்டேன். ஒன்பது வருஷமாகக் கேட்க நினைத்தது.

“அப்பா, அன்னைக்கு ஜெயங்கொண்டத்துல நான் பொருந்தும்னு சொன்னேன். அதனாலதான திரும்பிப் போன?”

அவர் பென்சிலை நிறுத்தினார்.

“என்னத்தப் பொருந்தும்ன?”

“அரியமுத்து மாமா பேரப் போட்டாலும் பொருந்தும்னு. நான் பொருந்தாதுன்னு சொல்லியிருந்தா நீ பஸ் ஏறியிருப்ப. இங்கயே இருந்திருப்ப.”

பென்சிலைத் தாளின் மேல் வைத்தார்.

“நீ சொன்னதா எனக்கு நெனப்பே இல்ல பாப்பா” என்றார். “டீச்சர் வூட்டு வாசல் தாண்டறப்பவே திரும்பணும்னு இருந்துச்சு. வெட்கப்பட்டுக்கிட்டு ஜெயங்கொண்டம் வரைக்கும் வந்துட்டேன்.”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. ஃபாரத்தில் ஒரு முறை பொய்க்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

“உங்கம்மாகிட்ட இதச் சொல்லியிருக்கியா?”

“இல்ல.”

“சொல்லாத. என் மேலயே இருக்கட்டும்.”

அதன் பிறகு தாளை என் பக்கம் நகர்த்தி, ஒரு சொல்லைக் காட்டி, இது எதற்கு எதிரே நிற்கிறது என்று கேட்டார். சொன்னேன். நாற்பத்து மூன்று நாள் கழித்து இறந்தார். அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள். “அன்னைக்கு ராத்திரியே சொன்னாரு. புள்ளகிட்ட பொருந்துமான்னு கேட்டுட்டேன், அது மனசுல வச்சிக்கும்னு. ஒங்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனாரு.”